இரண்டு மணி மாத்திரை

ஜூலை 2, 1998. வியாழன்

இன்று முதல் செம்பூர் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நர்ஸ் ஏஜென்சியில் என்னோடு இருக்கும் ஷைலஜாவுக்கு வந்த டியூட்டி இது. அவளுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது என்பதால் நான் மாற்றிக்கொண்டேன்.

நோயாளி ம. குலசேகரன். வயது எழுபத்தொன்பது. கணையத்தில் புற்று, ஈரல் வரை பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் பொற்செல்வி அக்கா வங்கியில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார். அவர் கணவர் மஸ்கட்டில். வீட்டில் வேறு ஆளில்லை.

அக்கா சுவரிலிருந்த படங்களைக் காட்டினார். மாலை போட்ட படம், மேடையில் கையை உயர்த்திப் பேசும் படம், போலீஸ் வேனில் ஏறும் படம்.

"அப்பா சேந்தன்துறை உப்பளச் சங்கத் தலைவர். ரெண்டு தடவை எம்.எல்.ஏ. ஊர்ல அப்பா பேர்ல ரோடு இருக்கு. நீ கேள்விப்பட்டிருக்கியா ஜெசிந்தா?"

"இல்லக்கா" என்றேன்.

மார்ஃபின் மாத்திரை. காலை ஆறு மணிக்கும் இரவு பத்துக்கும் அக்கா கொடுப்பார். பத்து, இரண்டு, ஆறு என் பொறுப்பு. அக்கா இரண்டு முறை சொன்னார்: "நேரம் மட்டும் தவறக் கூடாது. தவறினா அப்பா தாங்க மாட்டாரு."

ஏஜென்சிக்கு எழுதும் ரிப்போர்ட் நோட்டு வேறு. இது எனக்காக.

ஜூலை 3. வெள்ளி

உடம்பு துடைத்தேன். முதுகில் புண் இன்னும் வரவில்லை, சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் திருப்பிப் படுக்க வைத்தேன். கஞ்சி அரை டம்ளர்.

"எந்த ஊரு தாயி நீ?"

"தாராவி ஐயா."

"அதுக்கு முன்னால?"

"சின்ன வயசுலயே வந்துட்டோம். நெனவில்ல."

"பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே."

"தாராவில பாதிப்பேரு திருநெல்வேலி, தூத்துக்குடிதான ஐயா."

சிரித்தார். பல் செட்டைக் கழற்றியிருந்ததால் குழந்தை போலத் தெரிந்தது. நான் கஞ்சி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 6. திங்கள்

குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். முக்கால் மணி நேரம் தாமதம். அக்கா கோபப்படவில்லை.

நகம் வெட்டிவிட்டேன். கைவிரல்கள் நீளம். இந்தக் கையைப் பைபிள் மேல் வைத்தாரா, சும்மா தூக்கிச் சத்தியம் செய்தாரா என்று யோசித்தேன். இந்து என்றால் பைபிள் கொடுத்திருக்க மாட்டார்கள். ஏன் இதையெல்லாம் யோசிக்கிறேன்?

இரண்டு மணி மாத்திரை மூன்றே காலுக்குக் கொடுத்தேன். மாடியில் துணி காயப்போடப் போனேன், நேரம் பார்க்கவில்லை.

ஜூலை 7. செவ்வாய்

நாள் முழுவதும் மழை. இரண்டு மணி மாத்திரை மூன்றரைக்கு. துணி காயப்போடப் போனேன்.

ஜூலை 9. வியாழன்

ஊரிலிருந்து இசக்கிமுத்து அண்ணாச்சி வந்திருக்கிறார். இப்போதைய சங்கத் தலைவர். ஐம்பது வயதிருக்கும். ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பையில் டேப் ரிக்கார்டர், கருப்பட்டி, ஐயா பெயரில் வரப்போகும் புத்தகத்துக்கான காகிதங்கள்.

"தலைவர ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் தங்கச்சி. பதினெட்டாம் தேதிக்கு ரயில் போட்டாச்சு. இங்கன செத்தா யாரு வந்து பாக்கப் போறா? ஊர்ல பத்தாயிரம் பேரு கூடுவான்."

அக்காவுக்குச் சம்மதமில்லை. ஐயாதான், "என் கட்டை அங்கதான் வேவணும்" என்றார்.

பதினெட்டு. இன்னும் ஒன்பது நாள்.

ஜூலை 10. வெள்ளி

டேப்பில் பதிவு செய்தார்கள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி கேட்டார்: "அறுபத்தேழு ஸ்டிரைக்குல குடோன் எரிஞ்சத சொல்லுங்க தலைவரே."

ஐயா மெதுவாகத்தான் பேசினார். ஆனால் தடங்கலில்லை. பலமுறை சொன்ன பேச்சு அது.

"நாப்பத்தெட்டு நாளு ஸ்டிரைக்கு. புள்ளைக பட்டினி. அப்பவும் ஒருத்தன் முதலாளிகிட்ட கைநீட்டல. அப்பந்தான் நம்மாளுல ஒருத்தன், தொம்மைன்னு பேரு, குடிச்சிட்டு சாக்குக் குடோனுக்குத் தீ வச்சிட்டான். உள்ள படுத்திருந்த காவக்காரர் சுடலைமணி கருகிப் போனாரு. கோர்ட்டுல அந்தத் தொம்மை என் பேர இழுத்தான். அன்னைக்கு சாயங்காலம் நான் தலைவர்கூட இருந்தேன்னான். நான் கூண்டுல ஏறி, இவன் என்கூட இல்லன்னு உள்ளதச் சொன்னேன். ஒரு ஆளுக்காவ சங்கத்த அடகு வைக்க முடியுமா?"

"முடியாது தலைவரே" என்றார் அண்ணாச்சி.

தொம்மை குடிக்க மாட்டார். சாராய வாடை வந்தால் தெருவை மாற்றி நடப்பார்.

எழுதிவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? தொம்மை என் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது. ஆயுள் தண்டனை என்றார்கள். கொலைகாரன் பெண்டாட்டிக்கு உப்பளத்தில் வேலையில்லை என்றார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினாள். பத்தாவது வருடம் அப்பா சிறையிலேயே நெஞ்சுச் சளியில் இறந்துபோனார்.

ஷைலஜாவுக்கு மூட்டு வலி கிடையாது. ஏஜென்சியில் நோயாளி பெயரைப் பார்த்ததும் நான்தான் அவளிடம் கெஞ்சி வாங்கினேன்.

ஆறு மணி மாத்திரை கொடுக்கவில்லை. அக்கா கேட்டபோது கொடுத்தாயிற்று என்றேன்.

ஜூலை 12. ஞாயிறு

விடுமுறை. அம்மாவை மாதா கோவிலுக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது தொண்ணூறடி ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர், கையைப் பிடித்து நடத்தி வந்தேன்.

"இப்ப யாரு வீட்டுல வேல?" என்று கேட்டாள்.

"ஒரு தாத்தா. படுக்கையில கெடக்காரு."

"நல்லாப் பாத்துக்க. பாவம்."

அப்பா உயிரோடு இருந்தவரை அம்மா வருடத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய்ச் சிறையில் பார்த்துவிட்டு வருவாள். நானும் போயிருக்கிறேன். சில தடவை.

ஜூலை 13. திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா வங்கிக்குப் போனார். அண்ணாச்சி மாதுங்காவில் யாரையோ பார்க்கப் போனார். பத்து மணி மாத்திரையைக் கொடுக்கவில்லை. இரண்டு மணி மாத்திரையும் கொடுக்கவில்லை. மூன்று மணிக்கு ஐயா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"மாத்திரைய குடு தாயி. பெறவு கேளு."

"குடோன் எரிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் நீங்க எங்க இருந்திய?"

அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"தொம்மை மவ."

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டேயிருந்தார்கள், அது கிளம்பவில்லை. ஐயா கண்ணை மூடினார். வலியில் மூடினாரா, வேறெதற்காகவா, தெரியவில்லை. உதடு வறண்டிருந்தது. சொன்னால் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். என்கூட இருந்தான் என்று ஒரு சொல் போதும்.

"அவன் என்கூட இல்ல" என்றார்.

முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகும் அதே சொல்.

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தலையைத் தூக்கிப் பிடித்து மாத்திரையைக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன். இருபது வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் என்னைக் கண்டே பயமாக இருந்தது.

ஜூலை 14. செவ்வாய்

என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். சொல்லவில்லை. என்னிடமும் பேசவில்லை. எல்லா மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், கண்ணை மட்டும் திறக்கவில்லை.

ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ? அப்பா பொய் சொல்லியிருந்தால்? இப்படி நான் நினைப்பது இது முதல் தடவை அல்ல.

ஜூலை 15. புதன்

கை வலிக்கிறது. எழுதாமல் தூங்கவும் முடியாது.

பயணத்துக்குச் சாமான் கட்டி வைப்பதற்காக அக்கா இன்று லீவு. ரயிலில் இரண்டு நாளைக்கு மாத்திரை வேண்டுமே என்று டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். திரும்ப எண்ணினார். வங்கியில் எண்ணுகிற கை அது, தப்பாது.

"ஏழு மாத்திரை கூட இருக்கு."

நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். இந்த நோட்டில் எழுதாத வேளைகளிலும் சில மாத்திரைகளைக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

"ஜெசிந்தா, ஏழு மாத்திரை எப்படி கூட இருக்கும்? நோட்டுல எல்லாம் குடுத்ததா டிக் போட்டிருக்க." குரல் உயர்ந்துகொண்டே போனது. "அப்பா சாயங்காலம் சாயங்காலம் துடிச்சாரே. நோய் முத்திருச்சுன்னு நெனச்சேனே. நீ குடுக்கலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நாந்தான் வேண்டாம்னேன்."

அக்கா திரும்பினார்.

"அந்த மருந்தப் போட்டா தூங்கிருதேன். இசக்கிமுத்துகூடப் பேசணும்லா, புத்தி தெளிவா இருக்கணும்னு நாந்தான் ஒளிச்சு வைக்கச் சொன்னேன். பிள்ளைய ஏசாத."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஒரு திக்கல் இல்லை. அக்காவின் முகம் இளகிவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கஞ்சி கொடுத்திருப்பேன், பதினெட்டாம் தேதி வழியனுப்பியிருப்பேன். ஆனால் அவர் போட்ட பிச்சையை என்னால் வாங்க முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு உண்மையைக் கொடுக்காத வாய், எனக்கு ஒரு பொய்யைக் கொடுக்கிறது.

"ஐயா பொய் சொல்லுதாவ" என்றேன். "நாந்தான் குடுக்கல. வேணும்னுதான் குடுக்கல."

அக்கா என்னை அறைந்தார். கஞ்சி கொட்டிவிட்டது. இசக்கிமுத்து அண்ணாச்சி அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். "போலீசக் கூப்பிடுவேன்" என்று அக்கா கத்தினார். "எதுக்குடி செஞ்ச? எங்கப்பா உனக்கு என்ன பாவம் செஞ்சாரு?"

"அத ஐயாகிட்டயே கேளுங்க."

நான் பையை எடுத்துக்கொண்டு கதவுப்பக்கம் போனேன். செருப்பை மாட்டும்போது ஐயா கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட முயன்று இருமல் வந்துவிட்டது.

"அவள போவ விடாத. செல்வி, நோட்ட எடு. நான் சொல்லுதத எழுது. நீதான் எழுதணும்."

"அப்பா, இப்ப என்னத்துக்கு..."

"எழுதுத்தா."

அக்கா ரிப்போர்ட் நோட்டின் கடைசித் தாளில் எழுதினார். ஐயா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"குடோன் எரிஞ்ச அன்னைக்கு, சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து ஒம்பது மணி வரைக்கும் தொம்மை என்கூட இருந்தான். என்னைய சைக்கிள்ல வச்சு முதலாளி பங்களாவுக்கு மிதிச்சது அவன்தான். நான் உள்ள பேசிக்கிட்டு இருந்தேன். அவன் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடில நின்னான். திரும்பி வாரப்பதான் தூரத்துல தீயைப் பாத்தோம்."

அண்ணாச்சி இடைமறித்தார். "தலைவரே, வேண்டாம். இது மருந்து பேசுது."

"மருந்து இல்லாமதாம்வே பேசுதேன். பத்து மணி மாத்திரைய நான் இன்னும் போடல."

மணி பதினொன்று. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அண்ணாச்சி மெல்லக் கேட்டார்: "ஸ்டிரைக் நேரத்துல முதலாளி பங்களாவுக்கா போனிய? யாருக்கும் தெரியாமலா?" அவருடைய அப்பாவும் அந்த நாற்பத்தெட்டு நாள் பட்டினி கிடந்தவர் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"சமாதானம் பேசப் போனேன். வெளிய தெரிஞ்சா வெல போயிட்டான்னு சொல்லியிருப்பிய. சங்கம் ஒடஞ்சிருக்கும். ஆறு மாசம் போவட்டும், அப்பீல்ல சொல்லி வெளிய எடுத்துருவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள எலெக்‌ஷன் வந்துட்டு. பெறவு ஒவ்வொரு வருசமும் உண்மையச் சொல்லுதது பெரிய காரியமா ஆயிக்கிட்டே போச்சு." மூச்சு வாங்கினார். "எழுது. தொம்மை குடிகாரன் இல்ல. தீ வைக்கல. நான் கோர்ட்டுல சொன்னது பொய்."

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனா தாளில் ஊன்றியபடி நின்றது. ஐயா அவரையே பார்த்தார். கடைசியில் அக்கா அந்த வரியையும் எழுதினார்.

கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் போய் மாத்திரையை எடுத்து வந்தேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ தொடாத. நாளையிலேர்ந்து வராத."

ஐயா என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. "முந்தாநாளும் பொய்தான் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 16. வியாழன்

வேலையில்லை. ஏஜென்சியிலிருந்து போன் வரவில்லை. அக்கா புகார் கொடுக்கவில்லை போலிருக்கிறது. மணி பத்தாகும்போதும் இரண்டாகும்போதும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜூலை 18. சனி

ஐயா நேற்று மதியம் இறந்துவிட்டாராம். ஷைலஜா சொன்னாள். என்னை நிறுத்திய பிறகு அவளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ரயிலுக்கு ஒரு நாள் இருக்கும்போது போய்விட்டார். உடம்பை ஊருக்கு எடுத்துப் போக அண்ணாச்சி முயற்சியே செய்யவில்லையாம். இன்று காலை செம்பூரிலேயே எரித்துவிட்டார்கள். பதினொரு பேர் இருந்தார்களாம், அதில் நாலு பேர் அந்தக் கட்டடத்துக்காரர்கள்.

பத்தாயிரம் பேர் என்றார்கள்.

சந்தோஷம் வரவில்லை. துக்கமும் இல்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி கழுவினேன்.

ஜூலை 19. ஞாயிறு

பொற்செல்வி அக்கா வீடு தேடி வந்தார். சந்துக்குள் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்ததும் கதவைத் திறந்து நாற்காலியைத் துடைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

"கிழிச்சுப் போடுங்கன்னு இசக்கிமுத்து அண்ணன் சொன்னாரு. ஒரு நா முழுக்க கையில வச்சுக்கிட்டு இருந்தேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தக் கிழிச்சு எனக்குப் பழக்கமில்ல." ஈரப் புடவை நுனியைப் பிழிந்தார். "இத எழுதுறப்போ எங்கப்பா எனக்கு இல்லாமப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாளு அவருக்கு வாயில தண்ணி ஊத்துனேன். யாருக்கு ஊத்துறேன்னே தெரியல."

"அக்கா..."

"உன்ன மன்னிக்க வரல ஜெசிந்தா. அந்த ஏழு மாத்திரைய நான் மறக்க மாட்டேன்."

"நானும் மறக்க மாட்டேங்க்கா."

போய்விட்டார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன காகிதம் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் வீட்டில் வேலை பார்த்தேன், என்ன செய்தேன், எதையும் விடவில்லை. பிறகு காகிதத்தை வாசித்தேன். கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத எதுக்கு எனக்கு வாசிக்க?" என்றாள். "தலைவர சைக்கிள்ல வச்சு மிதிச்சேன்னு உங்கப்பா அன்னைக்கே சொன்னாவ. நான் அன்னைக்கே நம்பிட்டேன்."

நான் காகிதத்தை மடித்தேன்.

"காயிதம் உனக்குல்லா வேண்டியிருந்துச்சு."

உண்மைதான். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னைக் கொலைகாரன் மகள் என்றாள். அந்த வருடம் அம்மா ரயிலுக்குக் கிளம்பியபோது நான் வரவில்லை என்றேன். "நீ நம்புறியாட்டி அவ சொல்லுதத?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. அப்பா சாகும்வரை ஐந்து வருடம் போகவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும், பாப்பா எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று எழுதிக் கேட்பார்.

குலசேகரன் ஐயா கூண்டில் ஏறி ஒருமுறை சொன்னார். நான் ஐந்து வருடம் வாயைத் திறக்காமல் அதையே சொன்னேன்.

இந்த நோட்டில் இதைத்தான் எழுதாமல் இருந்தேன்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். "அந்தக் காவக்காரர் வீட்டுல வாசி, போ" என்றாள். "அவிய பிள்ளையளும் இத்தன வருசமா உங்கப்பாவத்தான் ஏசிக்கிட்டு இருப்பாவ."

ஆகஸ்ட் 8. சனி. சேந்தன்துறை

முப்பது வருடத்துக்குப் பிறகு இந்த மண்ணில் கால் வைத்தேன். வெயிலில் உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. அம்மாவைக் கோவிலில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன்.

காவல்காரர் சுடலைமணியின் மகள் உச்சினிமாகாளி இன்னும் அதே தெருவில் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். உப்பு வாரிக் காலெல்லாம் வெடித்திருந்தது. வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தொம்மை மகள் என்றதும் செம்பை அப்படியே கீழே வைத்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வாசலிலேயே நின்று காகிதத்தை வாசித்தேன். தலைவர் பெயர் வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவுக்கே குலசேகரன் பெயர்தான்.

முடிந்ததும் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். கையெழுத்தை மட்டும் விரலால் தடவினார்.

"அப்பம் உங்கப்பா செய்யல."

"செய்யல."

"முப்பது வருசமா விளக்கு வைக்கும்போதெல்லாம் உங்கப்பா பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்தியிருக்கேன்."

"தெரியாமத்தான செஞ்சிய."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டிக் கேட்டார்:

"அப்பம் எங்கப்பாவ எரிச்சது யாரு?"

நான் பதில் தேடினேன். காகிதத்தில் அது இல்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் செம்பூரில் சாம்பலாகிவிட்டார். நான் அவரிடம் என் அப்பாவைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். ஏழு மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை நேரத்தில் இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். ஏசுவதற்கு இத்தனை வருடம் ஒரு பெயராவது இருந்தது, அதையும் நான் பறித்துக்கொண்டேன். கிளம்பியிருக்கலாம். அம்மா காத்திருப்பாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.